ஆலம் எவ்வளவு? ஃபஸி லாஜிக் பற்றி வாசகர் கேள்விகள்

குடிநீர் நிலையங்களில் கலங்கலைப் படிய வைக்கப் போடும் ஆலத்தின் (படிகாரத்தின்) அளவைக் கணிக்க ஃபஸி லாஜிக்கைக் கையாள்வது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஆபரேட்டர்கள், வேதியியலர்கள், மாணவர்கள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: இனிமேல் கம்ப்யூட்டரே ஆலம் அளவைச் சொல்லிவிடும், ஜார் டெஸ்ட் தேவையில்லை என்கிறார்கள். ஃபஸி லாஜிக் என்பது என்ன? அது எப்படி ஆலம் அளவைச் சொல்லும்?
(நீர் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர், பவானி)

பதில்: ஜார் டெஸ்ட் (ஒரே நீரைப் பல ஜார்களில் எடுத்து, வெவ்வேறு அளவு ஆலம் போட்டுப் பார்க்கும் சோதனை) தேவையில்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஃபஸி மாடலுக்குத் தானாக எதுவும் தெரியாது. உங்கள் நிலையத்தில் இதுவரை செய்த ஜார் டெஸ்ட் முடிவுகளும், தண்ணீரைப் பார்த்துப் பார்த்து நீங்கள் பழகிய அனுபவமும்தான் விதிகளாக அதற்குள் போகின்றன. ஒரு ஜார் டெஸ்ட்டை ஒழுங்காகச் செய்து முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆற்றில் புது வெள்ளம் வரும்போது அதற்குள் கலங்கல் இரண்டு மடங்காகலாம். ஒரு டெஸ்ட்டுக்கும் அடுத்த டெஸ்ட்டுக்கும் நடுவில் அளவை எவ்வளவு கூட்டுவது, எவ்வளவு குறைப்பது என்று சொல்வதுதான் இந்த மாடலின் வேலை.

இதற்கு ஏன் நேரடியான சூத்திரம் இல்லை என்று கேட்கலாம். ஆற்று நீரில் மிதக்கும் களிமண் துகள்களின் மேல் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. அவை ஒன்றையொன்று விலக்குவதால் நாள் கணக்கில் அடியில் படியாது. ஆலம் கரைந்ததும் வரும் அலுமினியச் சேர்மங்கள் அந்த மின்னூட்டத்தை ஈடுகட்டும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். ஆலம் இன்னும் கூடினால் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சு போன்ற திரளாகி, துகள்களையும் வாரிக்கொண்டு கீழே இறங்கும். நிலையத்தில் இந்த இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எது எவ்வளவு நடக்கும் என்பது பி.எச்., காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்), களிமண்ணின் வகை, நீரில் கரைந்துள்ள இலைச்சாறு போன்ற கரிமப் பொருள் எல்லாவற்றையும் பொறுத்தது. எல்லா ஆற்றுக்கும் பொருந்தும் ஒரே சமன்பாடு கிடையாது.

ஆனால் அனுபவமுள்ள ஆபரேட்டர், 'கலங்கல் நடுத்தரம், காரத்தன்மை போதுமான அளவு, அப்படியானால் ஆலம் இவ்வளவு' என்று சொல்லிவிடுகிறார். 'நடுத்தரம்' எங்கே முடிகிறது, 'அதிகம்' எங்கே தொடங்குகிறது என்று அவர் கோடு போட்டுக்கொள்வதில்லை. அந்தக் கோடில்லாத வகைப்பாட்டுக்குக் கணித வடிவம் கொடுத்தவர் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த லாட்ஃபி ஜாடே. 1965-இல் அவர் எழுதிய ஃபஸி கணங்கள் (எல்லைக் கோடு இல்லாத தொகுப்புகள்) பற்றிய கட்டுரையின் வழியில் பார்த்தால், 65 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) கலங்கல் 'நடுத்தரம்' என்ற கணத்தில் 0.5 அளவுக்கும் 'அதிகம்' என்ற கணத்தில் 0.5 அளவுக்கும் ஒரே நேரத்தில் இருக்கலாம். 1970-களில் லண்டனில் மம்தானியும் அசிலியனும் இதை ஒரு சிறிய நீராவி இயந்திரத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்திக் காட்டினார்கள். குடிநீருக்கு இது வந்தது ஜப்பானில்தான். ஃபூஜி எலக்ட்ரிக் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே சுத்திகரிப்பு நிலையத்தில் வேதிப்பொருள் செலுத்தும் அளவுக்கு ஃபஸி விதிகளைக் கையாண்டது. ஃபஸி லாஜிக் தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் சில இடங்களில் குடிநீர் நிலையமும் ஒன்று.

கேள்வி: இறுதியாண்டு புராஜெக்டாக ஆலம் அளவுக்கு ஃபஸி மாடல் செய்ய நினைக்கிறோம். எந்த அளவீடுகளை உள்ளீடாக எடுப்பது? எத்தனை விதிகள் வேண்டும்? ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?
(பொறியியல் கல்லூரி மாணவர்கள், கோவை)

பதில்: முதலில் தரவைச் சரிசெய்யுங்கள், மாடலைப் பிறகு பார்க்கலாம். நீங்களே ஜார் டெஸ்ட் செய்வதானால், 10 கிராம் ஆலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். அதில் 1 மி.லி.யை ஒரு லிட்டர் ஜாரில் விட்டால் 10 மி.கி./லிட்டர். ஆறு ஜாருக்கு 10 முதல் 60 வரை வைத்துக்கொள்ளலாம். எல்லா ஜாருக்கும் ஒரே நேரத்தில் கரைசலை விட்டு, நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் ஒரு நிமிடம், பிறகு 30 சுற்றில் 15 முதல் 20 நிமிடம் கலக்குங்கள். துடுப்பை நிறுத்தி 30 நிமிடம் படிய விடுங்கள். மேல்மட்டத்துக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே இருந்து பிப்பெட்டால் எடுத்துக் கலங்கலையும் பி.எச்.சையும் அளக்க வேண்டும். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிக்கவும். நீர்த்த ஆலம் கரைசல் நாள்பட வைத்தால் நீராற்பகுப்பு நடந்து வலுவிழக்கும்.

இங்கே பல புராஜெக்ட்டுகள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'சரியான அளவு' என்று எந்த ஜாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? மிகக் குறைந்த கலங்கல் காட்டும் ஜாரை எடுப்பது வழக்கம். அது பெரும்பாலும் வீண் செலவு. 30 மி.கி.யில் 4.2 என்.டி.யு., 40-இல் 3.8, 50-இல் 3.7 என்று வந்தால் சரியான அளவு 30-தான். அதற்கு மேல் போடும் ஆலம் சேறாகத்தான் மாறும். ஒரு ஷிஃப்ட்காரர் 30 என்றும் அடுத்தவர் 50 என்றும் எழுதிய பதிவேட்டை அப்படியே மாடலுக்குள் போட்டால், எந்த விதியும் அந்தக் குழப்பத்தைச் சரிசெய்யாது. 'படிந்த நீர் 5 என்.டி.யு.வுக்குக் கீழே வரும் முதல் ஜார்' என்பது போல ஒரே அளவுகோலை வைத்துப் பழைய பதிவுகளையும் திரும்பப் படியுங்கள்.

உள்ளீடாகக் கலங்கலும் காரத்தன்மையும் கட்டாயம். மூன்றாவதாக பி.எச். ஏரி நீராக இருந்தால் பி.எச். இல்லாமல் மாடலே வேண்டாம். வெயில் காலத்தில் பாசி, நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்வதால் காலையில் 7.8 இருந்த பி.எச். மாலையில் 8.8 ஆகலாம். அப்போது அதே கலங்கலுக்கு அதே ஆலம் வேலை செய்யாது. நீர் வரத்தை, அதாவது மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை, ஃபஸி உள்ளீடாக வைக்காதீர்கள். மாடல் லிட்டருக்கு எத்தனை மி.கி. என்று சொல்லட்டும், வரத்தால் பெருக்குவது வெறும் பெருக்கல் கணக்கு. அதையும் விதிக்குள் நுழைத்தால் விதிகள் ஐந்து மடங்காகுமே தவிரப் பயன் இல்லை. நான்கு உள்ளீடுகளுக்குத் தலா ஐந்து கணங்கள் வைத்தால் 625 விதிகள். அவற்றை நிரப்பும் அளவுக்கு எந்த நிலையத்திலும் ஜார் டெஸ்ட் பதிவு இருக்காது.

இப்போது கணக்கு. கலங்கலுக்கு நான்கு கணங்கள்: குறைவு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம். உச்சங்கள் முறையே 10, 30, 100, 300 என்.டி.யு. ஒவ்வொரு கணத்தையும் முக்கோணமாக வரைகிறோம்: அதன் உச்சத்தில் உறுப்பு மதிப்பு (அந்தக் கணத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற எண்) 1, பக்கத்துக் கணத்தின் உச்சத்தில் பூஜ்யம். உச்சங்களை ஏறக்குறைய மும்மடங்கு விகிதத்தில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: 10-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசம் ஆலத்துக்குப் பெரிது, 210-க்கும் 230-க்கும் உள்ளது ஒன்றுமே இல்லை. சம இடைவெளி விட்டால் நீர் தெளிவாக இருக்கும் மாதங்களில் மாடல் மொத்தையாகிவிடும். காரத்தன்மைக்கு இரண்டு கணங்கள் போதும். கால்சியம் கார்பனேட் அளவில் 40 மி.கி. வரை முழுதும் 'குறைவு', 100-க்கு மேல் முழுதும் 'போதுமானது', நடுவில் ஒன்று இறங்க மற்றது ஏறும்.

எட்டு விதிகள் வருகின்றன. காரத்தன்மை குறைவாக இருந்தால் ஆலம், கலங்கலின் வரிசைப்படி 14, 18, 28, 42 மி.கி. போதுமான அளவு இருந்தால் 20, 26, 38, 55. இவை கணக்கைக் காட்டுவதற்கான எண்கள். உங்கள் எண்கள் உங்கள் ஜார் டெஸ்ட்டிலிருந்து வர வேண்டும்.

கலங்கல் 65 என்.டி.யு., காரத்தன்மை 85 என்று வைத்துக்கொள்வோம். 65 என்பது 30-க்கும் 100-க்கும் சரியாக நடுவில் இருப்பதால் நடுத்தரம் 0.5, அதிகம் 0.5. காரத்தன்மையில் 'குறைவு' 15-ஐ 60-ஆல் வகுக்க 0.25, 'போதுமானது' 0.75. நான்கு விதிகள் விழித்துக்கொள்கின்றன. உறுப்பு மதிப்புகளைப் பெருக்கினால் எடைகள் 0.125, 0.375, 0.125, 0.375. அவற்றை 18, 26, 28, 38 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 2.25, 9.75, 3.5, 14.25, மொத்தம் 29.75. ஆக ஆலம் லிட்டருக்கு 30 மி.கி. பெருக்குவதற்குப் பதில் இரண்டில் சிறியதை எடுக்கும் முறையில் 29 வரும். எந்த முறை சிறந்தது என்று அறிக்கையில் பத்துப் பக்கம் எழுதுவதை விட, அந்த நேரத்தில் இன்னும் நான்கு ஜார் டெஸ்ட் செய்வது மேல். ஜார்களுக்கு இடையே 10 மி.கி. இடைவெளி விட்டுவிட்டு மாடலின் பிழை அரை மி.கி.தான் என்று எழுதவும் கூடாது. அளவீட்டுக்கே அந்த நுட்பம் இல்லை.

எம்.எல்.டி. (நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர்) கணக்கில்: 10 எம்.எல்.டி. நிலையம் என்றால் 30 மி.கி. வீதம் நாளுக்கு 300 கிலோ, மணிக்கு 12.5 கிலோ. கரைசல் தொட்டியில் லிட்டருக்கு 100 கிராம் கரைத்திருந்தால் டோசிங் பம்ப் மணிக்கு 125 லிட்டர் செலுத்த வேண்டும். தொட்டியின் வலுவை ஹைட்ரோமீட்டரால் பார்க்காமல் 10 சதவீதம் என்று நம்புவது பெரிய தவறு. அடியில் கரையாத கட்டி கிடக்கும்போது உண்மையில் 7 சதவீதம்தான் போய்க்கொண்டிருக்கும், பழி மாடல் மேல் விழும்.

சமன் பார்க்க இன்னொரு வரி. 1 மி.கி. ஆலம் ஏறக்குறைய 0.5 மி.கி. காரத்தன்மையைத் தின்னும். 30 மி.கி. ஆலத்துக்கு 15 போக, 85-இல் 70 மிஞ்சுகிறது. பயமில்லை.

நீங்கள் மம்தானி முறையில், வெளியீட்டுக்கும் கணங்கள் வைத்து ஈர்ப்பு மையம் எடுப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை. ஆலம் 'மிக அதிகம்' என்ற கணத்தை 40-இல் தொடங்கி 60-இல் உச்சம் தொடும் செங்கோண முக்கோணமாக வரைந்தால், அந்த விதி முழு வலுவோடு விழித்தாலும் மையம் 53.3-இல்தான் நிற்கும். 60-ஐ மாடல் ஒருநாளும் தொடாது. வெள்ள நாளில் ஏன் ஆலம் போதவில்லை என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். வரம்பை 60-க்கு வெளியேயும் நீட்டி வரையுங்கள், அல்லது மேலே சொன்னபடி எண்களையே வெளியீடாக வைக்கும் சுகேனோ முறைக்கு வாருங்கள்.

கேள்வி: ஆலத்தைக் கூட்டக் கூட்ட கிளாரிஃபையரில் (திரள் படியும் தொட்டியில்) நீர் இன்னும் கலங்குகிறது. மாடலோ இன்னும் கூட்டச் சொல்கிறது. எது தவறு?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வேதியியலர்)

பதில்: மாடல் ஒரே திசையில் ஏறும்படி எழுதப்பட்டிருக்கிறது. கலங்கல் கூடினால் ஆலம் கூடும் என்பது ஓரளவுதான் உண்மை. நீங்கள் சொல்வதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

காரத்தன்மை தீர்ந்து பி.எச். இறங்கியிருக்கலாம். ஆலம் நன்றாக வேலை செய்வது ஏறத்தாழ 6-க்கும் 7.5-க்கும் நடுவில். 5.5-க்குக் கீழே அலுமினியம் ஹைட்ராக்சைடு திரளாகாமல் கரைந்தே நிற்கும், 8-க்கு மேலே போனாலும் கரையும். கரைந்த அலுமினியம் ஃபில்டரையும் தாண்டிக் குழாய்க்குப் போகும். ஐ.எஸ். 10500 தர நிர்ணயப்படி குடிநீரில் அலுமினியம் 0.03 மி.கி./லிட்டர் ஏற்புடையது, வேறு வழியே இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 0.2. இதை அளக்காமல் ஆலத்தை ஏற்றிக்கொண்டே போவது குடிப்பவர்களுக்குச் செய்யும் தீங்கு. மேலே காட்டிய எட்டு விதியில் காரத்தன்மை 30, கலங்கல் 300 வந்தால் ஆலம் 42. அது 21 மி.கி. காரத்தன்மையைத் தின்ன, மிஞ்சுவது 9. இந்த இடத்தில் மாடல் சுண்ணாம்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1 மி.கி. நீற்றுச் சுண்ணாம்பு ஏறக்குறைய 1.35 மி.கி. காரத்தன்மை தரும். 20 மி.கி. கூட்ட லிட்டருக்கு 15 மி.கி. சுண்ணாம்பு. கடைச் சுண்ணாம்பின் தூய்மை குறைவு என்பதால் அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். ஆலம் சேரும் இடத்துக்கு முன்னதாகவே சுண்ணாம்பு கலந்து முடிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே புள்ளியில் விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இரண்டாவது காரணம் மின்னூட்டம் தலைகீழாவது. கலங்கல் குறைந்த நீரில் அளவுக்கு மேல் ஆலம் போட்டால் துகள்கள் நேர் மின்னூட்டம் பெற்று மறுபடி விலக ஆரம்பிக்கும்.

மூன்றாவது காரணத்துக்கும் வேதியியலுக்கும் சம்பந்தமே இல்லை. கிளாரிஃபையர் அடியில் சேறு ஏறி நிற்கிறதா, துடுப்பு வேகமாகச் சுற்றித் திரளை உடைக்கிறதா, தண்ணீர் ஒரு பக்கமாகக் குறுக்கே பாய்கிறதா என்று பாருங்கள். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. ஆலத்தை வேகமாகக் கலக்கும் ஃபிளாஷ் மிக்ஸரைத் தாண்டியதும் ஆலம் கலந்த நீரை ஒரு லிட்டர் ஜாரில் பிடித்து, 30 சுற்றில் 15 நிமிடம் கலக்கி, படிய விடுங்கள். ஜாரில் தெளிந்து கிளாரிஃபையரில் தெளியவில்லை என்றால் ஆலத்தைத் தொடாதீர்கள், கோளாறு தொட்டியில். ஜாரிலும் தெளியவில்லை என்றால் பி.எச். பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் கிளாரிஃபையர் கலங்கலை வைத்து விதிகளைத் திருத்தினால், சேறு வெளியேற்றாத குற்றத்துக்கு ஆலத்தைத் தண்டிக்கும் மாடல்தான் கிடைக்கும்.

கேள்வி: வெயில் காலத்தில் நன்றாகக் கணித்த மாடல் முதல் மழையிலேயே தடுமாறுகிறது. ஏன்?
(நீர்ப் பகுப்பாய்வுக் கூட ஊழியர், ஈரோடு)

பதில்: வெயில் கால ஜார் டெஸ்ட்டுகள் முந்நூறு இருந்தாலும் அவை சொல்வது ஒரே சேதி. மழைக் காலத்து முப்பது டெஸ்ட்டுகளின் மதிப்பு அதைவிட அதிகம். பதிவேட்டில் 150 என்.டி.யு.வுக்கு மேல் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள், விடை அங்கேயே தெரிந்துவிடும். கற்பிக்கும்போது ஒரு வெள்ளக் காலத்தை முழுதாக ஒதுக்கி வைத்து, அதில்தான் மாடலைச் சோதிக்க வேண்டும். நாட்களைக் கலைத்துப்போட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோதனைக்கு எடுத்தால், நேற்றைய நீரும் இன்றைய நீரும் ஒன்றாகவே இருப்பதால் பொய்யான நல்ல மதிப்பெண் வரும்.

முதல் மழையில் மூன்று விஷயங்கள் சேர்ந்து மாறுகின்றன. கலங்கல் ஏறுகிறது. மழை நீர் கலந்து காரத்தன்மை இறங்குகிறது. வயல்களிலும் கரைகளிலும் மட்கிக் கிடந்த இலைதழைகளின் சாறு வந்து சேர்கிறது. இந்தச் சாறு கலங்கல் மீட்டருக்குத் தெரியாது, ஆனால் ஆலத்தைக் களிமண்ணை விட அதிகமாகக் கேட்கும். அதனால் 80 என்.டி.யு. முதல் மழை நீரும் பத்து நாள் கழித்து வரும் 80 என்.டி.யு. நீரும் ஒன்றல்ல. நிற அளவை அல்லது புற ஊதா உறிஞ்சும் அளவை இன்னொரு உள்ளீடாகச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். வசதி இல்லையென்றால் 'வெள்ளத்தின் முதல் இரண்டு நாள்' என்று ஒரு சுவிட்சை ஆபரேட்டர் கையில் கொடுத்து, அப்போது விதி எண்களை ஜார் டெஸ்ட் சொல்லும் அளவுக்குத் தூக்கும்படி எழுதலாம்.

மீட்டரையும் சந்தேகப்படுங்கள். 100 என்.டி.யு. வரைதான் அளக்கும் மீட்டரை வைத்துக்கொண்டு 300-க்கு விதி எழுதியிருப்பார்கள். ஆறு 400-இல் ஓடும்போதும் மீட்டர் 100 என்றே காட்டும். லென்ஸில் பாசி படிந்தால் கலங்கல் மெல்ல ஏறுவதுபோலத் தெரியும், காற்றுக் குமிழி வந்தால் திடீரெனத் துள்ளும். வாரம் ஒருமுறை துடைத்து, கையில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டு எழுதி வைப்பது மாடலின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதற்கு நியூரல் நெட்வொர்க் போதாதா?
(மென்பொருள் ஊழியர், சென்னை)

பதில்: நியூரல் நெட்வொர்க் விதி கேட்காமல் தரவிலிருந்தே கற்றுக்கொள்ளும். தரவு நிறைய இருந்தால் அது போதும். ஃபஸியின் ஆதாயம் என்னவென்றால், தப்பான அளவு வந்த நாளில் எந்த விதி அதைச் சொன்னது என்று ஆபரேட்டரே விரல் வைத்துக் காட்டித் திருத்தலாம். இரண்டையும் சேர்த்த ஆன்ஃபிஸ் முறையை ஜாங் 1993-இல் வெளியிட்டார். அதில் விதிகளின் எண்களையும் முக்கோணங்களின் இடத்தையும் தரவைக் கொண்டே சீர்செய்யலாம். சீர்செய்தபின் கணங்களை வரைந்து பாருங்கள். 'நடுத்தரம்' நகர்ந்து 'அதிகம்' மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தால் அது விதி என்ற பெயருக்கே தகுதியற்றது.

கேள்வி: கிளாரிஃபையரிலிருந்து வரும் நீரின் கலங்கலைப் பார்த்து மாடல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும்படி செய்யலாமா?
(கருவிகள் பிரிவு டெக்னீஷியன், மதுரை)

பதில்: செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். இப்போது போடும் ஆலத்தின் பலன் கிளாரிஃபையர் வாயிலில் தெரிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருத்தினால், முதல் திருத்தத்தின் பலன் வருவதற்குள் எட்டு முறை கூட்டியிருப்பீர்கள், பிறகு எட்டு முறை குறைப்பீர்கள். ஆலம் ஊஞ்சலாடும். முன்கணிப்பு விதிகள் ஆற்று நீரைப் பார்த்து அடிப்படை அளவைச் சொல்லட்டும். பின்னூட்டத்துக்குச் சிறிய தனி விதித்தொகுப்பு வையுங்கள்: படிந்த நீர் இலக்கை விட அதிகம், இன்னும் ஏறுகிறது என்றால் 3 மி.கி. கூட்டு, அதிகம் ஆனால் இறங்குகிறது என்றால் தொடாதே, இலக்கை விடக் குறைவு, நிலையாக இருக்கிறது என்றால் 1 மி.கி. குறை. குறைப்பதைக் கூட்டுவதை விட மெதுவாக வைக்க வேண்டும், தவறு நேர்ந்தால் பாதிக்கப்படுவது ஃபில்டர். இந்தத் தொகுப்பு, நீர் கிளாரிஃபையரில் தங்கும் நேரத்துக்கு ஒருமுறைதான் ஓட வேண்டும்.

ஸ்ட்ரீமிங் கரன்ட் மானி இருந்தால் ஃபிளாஷ் மிக்ஸரைத் தாண்டிச் சில நிமிடங்களிலேயே மின்னூட்ட நிலை தெரியும். அதன் எண்ணுக்கு நேரடிப் பொருள் கிடையாது. பி.எச். மாறினாலும் எண் நகரும், உள்ளே படிவு ஏறினாலும் நகரும். நல்ல ஜார் டெஸ்ட் அமைந்த நாளின் எண்ணைக் குறித்துவைத்து, அதிலிருந்து விலகுவதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: வீட்டில் கலங்கல் தண்ணீருக்குப் படிகாரம் எவ்வளவு போடுவது? தேற்றாங்கொட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறதா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: 20 லிட்டர் குடத்துக்கு 1 கிராம் போட்டால் லிட்டருக்கு 50 மி.கி. நல்ல கலங்கலுக்கே இது போதும். கட்டியைக் குடத்தில் சுற்றுவதை விட, தூளை ஒரு டம்ளர் நீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டு மேல் நீரை இறுத்துக்கொள்ளுங்கள். தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலக்கினாலும் அதிலுள்ள பொருட்கள் துகள்களைச் சேர்த்துப் படிய வைக்கும். முருங்கை விதையில் இருப்பது நேர் மின்னூட்டப் புரதம். விதைகளால் பி.எச். இறங்காது. ஆனால் கரிமப் பொருள் நீரில் தங்குவதால் ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. எப்படித் தெளிய வைத்தாலும் கிருமி சாகாது, கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் சாதாரண பி.எல்.சி.தான் (நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) இருக்கிறது. சில இடங்களில் அதுவும் இல்லை. ஃபஸிக்குத் தனிக் கருவி வாங்க வேண்டுமா?
(உதவிப் பொறியாளர், திருச்சி)

பதில்: வேண்டாம். பி.எல்.சி.க்கான ஃபஸி நிரல் மொழியை ஐ.இ.சி. 61131 தர நிர்ணயத்தின் 7-ஆம் பகுதி வரையறுத்திருக்கிறது, ஆனால் அது இல்லாமலும் முடியும். கணங்கள் முக்கோணமாக, எந்தப் புள்ளியிலும் உறுப்பு மதிப்புகளின் கூட்டல் 1 ஆக இருந்து, எடைகளைப் பெருக்கல் முறையில் எடுத்தால், இரண்டு உள்ளீட்டு சுகேனோ மாடலும் ஓர் அட்டவணையில் இடைமதிப்புக் காண்பதும் ஒன்றே. மேலே காட்டிய மாடலில் காரத்தன்மை 70 என்ற வரிசையை எடுத்தால், கலங்கல் 10-க்கு ஆலம் 17, 30-க்கு 22, 100-க்கு 33, 200-க்கு 41, 300-க்கு 48.5. காரத்தன்மை 40, 55, 70, 85, 100 என ஐந்து வரிசைகளுக்கும் இப்படிப் போட்டு, ஏ4 தாளில் அச்சிட்டு, லேமினேட் செய்து டோசிங் அறையில் மாட்டிவிடலாம். பம்ப் ஸ்ட்ரோக் எண்ணையும் அதே கட்டத்தில் எழுதிவிட்டால் இரவு ஷிஃப்ட்டில் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை. பி.எல்.சி. இல்லாத நிலையத்துக்கு இதையே பரிந்துரைக்கிறோம். மழைக்கு முன்னும் மழை நடுவிலும் ஜார் டெஸ்ட் செய்து தாளை மாற்ற வேண்டும்.

பி.எல்.சி.யில் எழுதுவதானால் காவல் வரிகளை மறக்காதீர்கள். கணங்களுக்கு நடுவே தப்பித்தவறி இடைவெளி விட்டிருந்தால் அந்த இடத்தில் எந்த விதியும் விழிக்காது. எடைகளின் கூட்டல் பூஜ்யமாகி, பூஜ்யத்தால் வகுக்கும் பிழை வரும், சில பி.எல்.சி.யில் ஆலம் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். அப்படி வந்தால் கடைசியாகப் போட்ட அளவையே தொடரும்படி எழுதுங்கள். கலங்கல் மீட்டரின் கம்பி அறுந்து 80-இல் இருந்த எண் ஒரே நொடியில் 0 ஆனால், மாடலுக்கு அது தெளிந்த நீர். ஒரு நிமிடத்தில் பாதிக்கு மேல் மாறும் அளவீட்டை ஏற்காமல் மணியடிக்க வேண்டும். ஆலத்துக்குக் கீழ்வரம்பு, மேல்வரம்பு, கால் மணி நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு மாறலாம் என்ற வரம்பு ஆகிய மூன்றையும் விதிகளுக்கு வெளியே, தனியாக வையுங்கள். கையால் இயக்கும் சுவிட்ச் டோசிங் பம்ப் பக்கத்திலேயே இருக்கட்டும். அதைத் திருப்பிய நேரமும், அப்போதைய கலங்கல், காரத்தன்மை, பி.எச்., ஆபரேட்டர் வைத்த ஆலம் அளவும் பதிவாக வேண்டும். அடுத்த முறை விதிகளைத் திருத்த உட்காரும்போது முதலில் படிக்க வேண்டியவை அந்த வரிகள்தான்.